கேஜன் உருளைக்கிழங்கு சூப்: காரம் இருக்கிறது, ருசி எங்கே?

ஹூஸ்டன்வாசி
சனி, இரவு 9.12

ஹூஸ்டனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் நண்பர்களோடு லூசியானா பக்கம், லஃபயெட் வரை காரில் போய் வந்தோம். கேஜன் என்கிற பிரெஞ்சு வம்சாவளி ஆட்களின் ஊர் அது. வழியில் பெட்ரோல் பங்கோடு ஒட்டிய ஒரு சின்னக் கடை. எல்லோரும் பூடான் வாங்கத்தான் அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். சோறும் பன்றிக்கறியும் அடைத்த சாசேஜ் அது. வெளியே நல்ல மழை. எனக்கு ஏதாவது சூடாகக் குடித்தால் தேவலை என்றிருந்தது. காகிதக் கப்பில் உருளைக்கிழங்கு சூப் கொடுத்தார்கள். பழுப்பு கலந்த மஞ்சள் நிறம், மேலே வெங்காயத்தாள், உள்ளே புகை வாசம் அடிக்கும் சாசேஜ் துண்டுகள். முதல் வாயில் காரம் தெரியவில்லை, நாலாவது வாயில் மூக்கு ஒழுகியது. கப்பை வழித்துக் குடித்தேன்.

நேற்று அதை வீட்டில் செய்து பார்த்தேன். ஐந்து கிழங்கை வேகவைத்து, மிக்ஸியில் நன்றாக அடித்து, பால் ஊற்றி, கடையில் வாங்கிய கேஜன் மசாலா டப்பாவிலிருந்து மூன்று மேசைக்கரண்டி போட்டேன். கடைசியில் சாசேஜை நறுக்கிப் போட்டு ஒரு கொதி. வந்தது என்ன தெரியுமா? போஸ்டர் ஒட்டும் பசை. கரண்டியைத் தூக்கினால் நூல் விடுகிறது. உப்புக் கரிக்கிறது. காரம் நாக்கைச் சுடுகிறது, ருசி மட்டும் மருந்துக்கும் இல்லை. வீட்டம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "கொலுப்படிக்குக் காகிதம் ஒட்ட எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

எங்கே கோட்டை விட்டேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாச்சத்து
சனி, இரவு 9.50

பசைக்குக் காரணம் மிக்ஸி. வெந்த கிழங்கில் மாச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதிப்போய் செல்களுக்குள் அடைந்து கிடக்கும். கரண்டியால் மசித்தால் செல்கள் பெரும்பாலும் உடையாமல் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். மிக்ஸி பிளேடு அவற்றைக் கிழித்து மாவை வெளியே கொட்டிவிடும். வீட்டில் அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான், மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வதும் இதே வேலை.

உப்புக்கு டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களில் எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். இங்கே விற்கும் கேஜன், கிரியோல் மசாலாக்கள் பலவற்றில் முதல் பெயரே உப்பு. சாசேஜிலும் உப்பு. கடையில் வாங்கும் ஸ்டாக்கிலும், அதாவது எலும்பு, காய் வேகவைத்த சாற்றிலும், உப்பு.

அது சரி, கிழங்கு என்ன ரகம்?

ஹூஸ்டன்வாசி
சனி, இரவு 9.58

சிவப்புத் தோல், சின்னது. பார்க்க அழகாக இருந்தது.

மாச்சத்து
சனி, இரவு 10.06

அழகு சாலட்டுக்கு ஆகும். சிவப்புத் தோல் கிழங்கில் மாவு குறைவு, வெந்தாலும் வடிவம் கலையாது. சூப்புக்கு ரஸட் வாங்குங்கள். பழுப்புத் தோல், பெரிய கிழங்கு, மாவு அதிகம், ஓரம் கரைந்து தானாகவே சூப்பைக் கெட்டியாக்கும். யூகான் கோல்ட் இரண்டுக்கும் நடுவில். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1980இல் வெளியிட்ட ரகம் அது. ரஸட் கிடைக்காவிட்டால் அதை எடுக்கலாம்.

லஃபயெட்_லதா
ஞாயிறு, காலை 7.25

மாச்சத்து சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி கேட்டது ருசி எங்கே போனது என்று. அது எங்கேயும் போகவில்லை, நீங்கள் வரவழைக்கவே இல்லை. சாசேஜைக் கடைசியில் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

லஃபயெட்டில் 11 வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, எண்பதை நெருங்குகிறார். இங்கே பெரியவர்களின் பெயருக்கு முன்னால் "மிஸ்" சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் அதே பிரெஞ்சைப் பேசியதற்குத் தண்டனை வாங்கியவர். 1921ஆம் வருட மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டது. எங்கேயோ போகிறேன். அவர் அடுப்படியில் நின்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கனமான இரும்புச் சட்டி. அந்தூயி என்கிற புகை போட்ட பன்றிக்கறி சாசேஜ் 350 கிராம், கால் அங்குல வில்லைகள். எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும், சாசேஜே கொழுப்பு விடும். மிதமான தீயில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளறக் கூடாது. ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகுதான் திருப்பிப் போடுவது. சாசேஜை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் சட்டி அடியில் பழுப்பாக ஓர் ஏடு ஒட்டியிருக்கும். முதல் தடவை நான் "ஐயோ, அடிப்பிடிச்சிடுச்சு" என்று சட்டியை இறக்கப் போனேன். பாட்டி என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டி, "அதை விடு" என்றார்.

அந்த ஏட்டின் மேல் இரண்டு பெரிய வெங்காயம், பொடியாக நறுக்கியது. வெங்காயம் தண்ணீர் விடும்போது மரக்கரண்டியால் அடியைச் சுரண்ட வேண்டும். ஏடு கரைந்து வெங்காயம் பழுப்பாகிவிடும். தண்ணீர் வற்றினால் மறுபடி ஒட்டும். ஒரு கரண்டி ஸ்டாக் விட்டு மறுபடி சுரண்டுங்கள். இப்படி மூன்று தடவை, கால் மணி நேரம் பிடிக்கும். வெண்ணெய் காய்ச்சிய சட்டியில் சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று, பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அதிக நேரம் கிடையாது. வாசம் கசப்பாக மாறிவிட்டால் சட்டியைக் கழுவிவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

அப்புறம் செலரி இரண்டு தண்டு, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, இரண்டும் பொடியாக. வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றுக்கும் சேர்த்து இங்கே "ஹோலி டிரினிட்டி" என்று பெயர். கத்தோலிக்க ஊர், சட்டிக்குள்ளும் திரித்துவம். சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய் வேண்டாம், இனித்துவிடும். பச்சையின் லேசான கசப்புதான் வேண்டியது. பூண்டு நான்கு பல், கடைசியில்.

இதில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டு, மூன்று மேசைக்கரண்டி மைதா தூவி, பச்சை மாவு வாசம் போகும் வரை வறுங்கள். ஸ்டாக் ஐந்து கப், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். பே இலை இரண்டு, தைம் அரை டீஸ்பூன், மசாலா ஒன்றரை டீஸ்பூன். திரும்பவும் சொல்கிறேன், டீஸ்பூன். ரஸட் கிழங்கு ஒரு கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கைச் சுண்டைக்காய் அளவுக்கும், மீதியை முக்கால் அங்குலத் துண்டுகளாகவும் நறுக்குங்கள். சின்னது கரைந்து சூப்பாகும், பெரியது வாயில் தட்டுப்படும். மிக்ஸியே வேண்டாம். மெல்லிய கொதியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். தீயைக் குறைத்துச் சாசேஜைத் திரும்பப் போட்டு அரை கப் க்ரீம். மேலே வெங்காயத்தாள், பார்ஸ்லி. உப்பு, ருசி பார்த்த பிறகு தேவைப்பட்டால்.

நான்கு பேருக்கு வயிறு நிறையும்.

நதிக்கரை
ஞாயிறு, காலை 10.05

லதா அக்கா கோபிக்க வேண்டாம். நியூ ஆர்லின்ஸில் இருந்து எழுதுகிறேன். க்ரீம் போட்ட உருளைக்கிழங்கு சூப்புக்குக் கேஜன் என்று பெயர் வைப்பதே எனக்கு ஒப்பவில்லை. அது ஹோட்டல்காரர்கள் வேலை. எதிலே காரத்தைத் தூவினாலும் கேஜன் என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். கேஜன் சிக்கன், கேஜன் ஃப்ரைஸ், கேஜன் பாஸ்தா.

இதற்கு வழி திறந்துவிட்டவர் பால் ப்ரூடோம். ஒபலூசாஸ் ஊர்க்காரர். 1979இல் இங்கே பிரெஞ்சு குவார்ட்டரில் கே-பால்ஸ் என்ற கடையைத் திறந்தார். ரெட்ஃபிஷ் மீனை வெண்ணெயிலும் மசாலாவிலும் புரட்டி, புகையப் புகையக் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டுக் கறுக்க வாட்டித் தந்தார். நாடே அந்த மீனுக்கு அலைந்தது. கடைசியில் மெக்சிகோ வளைகுடாவில் அதைப் பிடிப்பதற்கே அரசு கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. கேஜன் என்றால் கறுப்பு, கேஜன் என்றால் காரம் என்ற எண்ணம் அப்போது பரவியதுதான். மனிதர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. நகல் எடுத்தவர்கள்தான் காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

லஃபயெட்_லதா
ஞாயிறு, காலை 11.40

கோபம் எதற்கு? பாதி ஒத்துக்கொள்கிறேன். பாட்டி வீட்டில் வாரநாளில் செய்வது உருளைக்கிழங்கு ஸ்ட்யூ. ரூவை, அதாவது கொழுப்பில் போட்ட மாவைப் பழுப்பாக வறுத்து, சாசேஜோ இறாலோ போட்டு, க்ரீம் இல்லாமல். அதைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சோற்றின் மேல் உருளைக்கிழங்கா என்று முகம் சுளிக்க வேண்டாம், கம்போ என்கிற கெட்டிக் குழம்புக்குள்ளேயே ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்டைப் போட்டுச் சாப்பிடும் ஊர் இது. க்ரீம் சூப் விருந்தாளி வந்தால் செய்வது. அதுகூடச் சில நாள் க்ரீம் இருக்காது, அலமாரியில் இருக்கும் எவாப்பரேட்டட் மில்க் டின்தான்.

ஆனால் ஒரு கேஜன் பாட்டி தன் வீட்டு அடுப்பில் செய்வது கேஜன் இல்லை என்று நியூ ஆர்லின்ஸில் இருந்து ஒரு தமிழர் சொல்கிறாரே, இதை அவரிடம் அப்படியே சொல்லட்டுமா?

நதிக்கரை
ஞாயிறு, காலை 11.52

வேண்டாம் அக்கா. வாபஸ்.

பிராயச்சித்தமாக என் வீட்டு மசாலாவைத் தருகிறேன். உப்பு இல்லாதது, அதனால் கணக்கு தப்பாது. பாப்ரிக்கா இரண்டு மேசைக்கரண்டி, பூண்டுத்தூள் ஒன்று, வெங்காயத்தூள் ஒன்று, காயீன் மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், கருமிளகு இரண்டு டீஸ்பூன், வெள்ளை மிளகு ஒரு டீஸ்பூன், காய்ந்த தைம் இரண்டு டீஸ்பூன், ஆரிகானோ ஒரு டீஸ்பூன். கலந்து பாட்டிலில் போட்டு வையுங்கள்.

மிளகாய், கருமிளகு, வெள்ளை மிளகு என்று மூன்றையும் ஒன்றாகப் போடுவது ப்ரூடோமின் கைவழக்கம். என் நாக்குக்குத் தெரிந்தவரை கருமிளகு உடனே நாக்கு நுனியில் தெரிகிறது, வெள்ளை மிளகு மூக்கில் ஏறுகிறது, காயீன் தாமதமாக வந்து தொண்டையில் உட்காருகிறது. ஹூஸ்டன்வாசி, நாலாவது வாயில் மூக்கு ஒழுகியது என்றீர்களே, ஆள் இவர்தான்.

மொங்க்டன்_மணியம்
ஞாயிறு, பிற்பகல் 2.30

நதிக்கரைத் தம்பி வாபஸ் வாங்கினது நல்லது, இல்லாட்டி நான் வந்திருப்பேன்.

நான் இருப்பது கனடாவில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மொங்க்டனில். கேஜன் ஆட்களின் பூர்வீகம் எங்கட பக்கம்தான். அக்கேடியர் என்று பெயர். பிரெஞ்சு பேசின கமக்காரர்கள். கடல்தண்ணி ஏறுகிற சதுப்பு நிலத்தை அணை கட்டித் தடுத்து வயலாக்கினவர்கள். 1755இல் பிரிட்டிஷ்காரர் அவர்களை நோவா ஸ்கோஷியாவில் இருந்து கப்பலில் ஏற்றித் துரத்தத் தொடங்கினார்கள். வீடு வளவை எரித்தார்கள், குடும்பங்கள் திக்குத் திக்காய்ச் சிதறின. அதில் ஒரு பகுதி 1760களின் நடுவில் லூசியானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1785இல் பிரான்சில் இருந்து ஏழு கப்பலில் இன்னும் 1,500க்கு மேற்பட்ட சனம் போய் இறங்கியது. அக்கேடியன் என்ற சொல் வாயில் தேய்ந்து தேய்ந்து கேஜன் ஆகிவிட்டது. இடம்பெயர்ந்த சனத்தின் கதை என்றபடியால் எனக்கு இதில் ஒரு ஒட்டுதல்.

இஞ்சை உள்ள அக்கேடியர் வீடுகளில் இண்டைக்கும் ஃபிரிக்கோ என்று ஒன்று வைப்பார்கள். கோழி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மா உருண்டை, சம்மர் சேவரி என்று ஒரு இலை, அவ்வளவுதான். உறைப்பு என்ற பேச்சே இல்லை. என்ர மனிசி முதல் தரம் சாப்பிட்டுவிட்டு, "காய்ச்சல்காரருக்குக் குடுக்கலாம்" என்றா. அதே வேரில் வந்த சனம் தெற்கே போய் மிளகாய்க்கும் சோற்றுக்கும் பழகியிருக்குது. லதா அக்காவின் சூப்பை ஒரு மைனஸ் இருபது நாளில் செய்து பார்க்கப் போகிறேன். க்ரீமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விடலாமோ?

லஃபயெட்_லதா
ஞாயிறு, மாலை 5.10

விடலாம் அண்ணா, நன்றாகவும் இருக்கும். ஆனால் அதைச் சொதி என்றுதான் கூப்பிட வேண்டும்.

கோவை_அடுப்படி
திங்கள், காலை 8.45

எல்லாரும் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அந்தூயி அந்தூயி என்றால், இங்கே கோவையில் நான் எங்கேங்க போவது? செலரியாவது பெரிய காய்கறிக் கடையில் கிடைக்கிறது. சிக்கன் சாசேஜ் கிடைக்கிறது, ஆனால் அதில் புகை வாசம் துளியும் இல்லை. பே இலைக்கு வீட்டில் இருக்கிற பிரிஞ்சி இலை போதுமா? காயீனுக்கு நம் மிளகாய்த்தூள்?

நதிக்கரை
திங்கள், இரவு 7.20

பிரிஞ்சி இலை வேறு மரம். நீளவாட்டில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசம் அடிக்கும். சூப்பில் போட்டால் குருமா ஞாபகம் வந்துவிடும். பே இலை இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தைமை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். பாப்ரிக்காவுக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் சரியாகப் பொருந்தும். காயீனுக்குக் காரமான மிளகாய்த்தூள் எதுவும் ஆகும், மல்லி சேர்த்து அரைத்ததாக மட்டும் இருக்கக் கூடாது. கிழங்கு உங்களுக்குப் பக்கத்திலேயே, மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகிற ஊட்டிக் கிழங்கில் புதிதாகத் தோண்டியதை விட்டுவிட்டு முற்றியதாகப் பொறுக்குங்கள்.

புகைக்குத்தான் வழி தெரியவில்லை. அந்தூயியின் உயிரே அதில்தான் இருக்கிறது. நியூ ஆர்லின்ஸுக்கு மேற்கே லாப்ளேஸ் என்று ஓர் ஊர், உலகத்தின் அந்தூயித் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். அங்கே கடையில் கதவைத் திறந்தாலே சட்டையில் புகை ஏறிவிடும்.

கோவை_அடுப்படி
செவ்வாய், இரவு 9.30

புகைக்கு வழி கண்டுபிடித்துவிட்டேனுங்க. கொட்டாங்கச்சியை அடுப்பில் காட்டித் தணலாக்கி, சின்னக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைச் சூப்புச் சட்டிக்குள் மிதக்க வைத்தேன். தணல் மேல் அரை டீஸ்பூன் நெய் விட்டதும் குப்பென்று புகை. உடனே மூடி போட்டு மூன்று நிமிடம். திறந்தால் வீடே மணக்கிறது. ஐந்து நிமிடம் விட்டிருந்தால் சாம்பல் வாசம் வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

சாசேஜை லதா அக்கா சொன்னபடி அடிப்பிடிக்க விட்டேன். மாமியார் வந்து எட்டிப் பார்த்து, "சட்டி தீயுது, தெரியலையா?" என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். மறுபடி பற்ற வைத்தேன். சாப்பிட்ட பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு.

சைவம்_மட்டும்
செவ்வாய், இரவு 10.15

சாசேஜ் இல்லாதவர்களுக்கு இந்த இழையில் இடம் உண்டா?

லஃபயெட்_லதா
புதன், காலை 6.50

உண்டு. காளானை அரைக்கால் கிலோ அல்ல, அரைக் கிலோ எடுங்கள், சுண்டினால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். எண்ணெயில் தண்ணீரெல்லாம் வற்றிச் சிவக்கும் வரை வதக்குங்கள். அதுவும் அடியில் ஏடு விடும், மீதி எல்லாம் அதே கதை. மசாலாவில் சாதாரணப் பாப்ரிக்காவுக்குப் பதிலாகப் புகை போட்ட பாப்ரிக்கா. வயிறு நிறைய வேண்டுமென்றால் வேகவைத்த ராஜ்மா ஒரு கப். இங்கேயும் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறி தொட மாட்டார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் இறாலும், இறால் மாதிரி நன்னீரில் வளரும் கிராஃபிஷும் கறி இல்லை, அது உங்களுக்கு உதவாது.

கிராஃபிஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. வருடம் பிறந்து கொஞ்ச நாளில் தொடங்கி ஜூன் வாக்கில் முடிகிற சீசன் அது, மார்ச் முதல் மே வரை உச்சம். கொல்லையில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும், அதில் காயீன், எலுமிச்சை, முழுப் பூண்டு, சோளக் கதிர், சிவப்புத் தோல் உருளை, சாசேஜ், சாக்கு மூட்டையில் வந்த கிராஃபிஷ். வெந்ததும் தீயை அணைத்து ஊறவிட்டு, மேசையில் செய்தித்தாளை விரித்து அப்படியே கொட்டிவிடுவார்கள். தட்டு கிடையாது. கிராஃபிஷ் தீர்ந்துபோகும், கிழங்கு மிஞ்சும். ஒவ்வொரு கிழங்கும் காரத்தையும் உப்பையும் நடுவரை குடித்து வைத்திருக்கும். மறுநாள் பாட்டி அதைத்தான் சூப்பாக்குவார். ஸ்டாக் ஊற்ற மாட்டார், வெறும் தண்ணீர். மசாலா ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அந்தக் கிழங்கு கரையாது என்பதால் பச்சை ரஸட் ஒன்றைத் துருவிப் போட்டுக் கெட்டியாக்குவார். மிஞ்சிய சோளத்தையும் கதிரிலிருந்து சீவிப் போடுவார். நான் இதுவரை குடித்த உருளைக்கிழங்கு சூப்பிலேயே முதலிடம் அந்த மறுநாள் சூப்புக்குத்தான். செய்முறை என்று எழுதத்தான் முடியாது, முந்தின நாள் விருந்துக்கு யாராவது கூப்பிட வேண்டும்.

மாச்சத்து
புதன், மதியம் 12.20

இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பால் திரிவது. கொழுப்புக் குறைந்த பாலைக் கொதிக்கிற சூப்பில் ஊற்றினால் திரிய வாய்ப்பு அதிகம், க்ரீம் தாங்கும். பால்தான் இருக்கிறது என்றால் ஒரு கிண்ணத்தில் பாலோடு இரண்டு கரண்டி சூடான சூப்பைக் கலந்து பதப்படுத்தி அப்புறம் சட்டியில் விடுங்கள், பிறகு கொதிக்க விடாதீர்கள். டபாஸ்கோ மாதிரி சாஸை எல்லாம் சட்டியில் ஊற்ற வேண்டாம், அதில் வினிகர் இருக்கிறது. அவரவர் கிண்ணத்தில் சொட்டிக்கொள்ளட்டும். புளிப்பு முன்னாடியே சேர்ந்தால் கிழங்கும் சட்டென்று வேகாது. தக்காளியோ எலுமிச்சையோ போடுகிறவர்களும் கிழங்கு வெந்த பிறகு போடுங்கள்.

உப்புக் கூடிவிட்டால் ஒரு பச்சைக் கிழங்கைப் போடு, உறிஞ்சிக்கொள்ளும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கிழங்கு உறிஞ்சுவது உப்புத்தண்ணீரை. மிச்சத் தண்ணீரின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். தண்ணீரோ க்ரீமோ சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி.

மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். ஃப்ரீசர் வேண்டாம். க்ரீமும் கிழங்கும் சேர்ந்தது உறைந்து இளகினால் மணல்மணலாகிவிடும்.

ஹூஸ்டன்வாசி
சனி, இரவு 10.40

இன்று மறுபடி செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

ரஸட் வாங்கினேன். அந்தூயி இங்கே ஹூஸ்டனில் சுலபமாகவே கிடைத்தது. இரும்புச் சட்டி இல்லை, போன வருடம் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த தோசைக்கல்தான் இருந்தது. அதில் சாசேஜை வாட்டி, வெங்காயத்தையும் அதிலேயே வதக்கிச் சுரண்டி, அப்புறம் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினேன். முதல் தடவை பயந்து சீக்கிரமே சுரண்டிவிட்டேன், ஏடு ஏறவில்லை. இரண்டாவது தடவை போன் வந்தது, ஒரு ஓரம் கறுத்தது. அந்த ஓரத்தை மட்டும் தொடாமல் விட்டேன். மூன்றாவது தடவைதான் லதா அக்கா சொன்ன நிறம் வந்தது, பழைய வெண்கலப் பாத்திரம் மாதிரி. வீடு முழுக்க அந்தப் பெட்ரோல் பங்குக் கடை வாசம்.

நதிக்கரை மசாலாவை ஒன்றரை டீஸ்பூன் போட்டபோது இது எந்த மூலைக்கு என்று தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டேன். முதல் வாயில் காரமே இல்லை. நான்காவது வாயில் மூக்கு.

வீட்டம்மா இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டார். கொலுப்படி பற்றிப் பேச்சில்லை. தோசைக்கல்லில் பழக்கிய எண்ணெய்ப் பூச்சு போய்விட்டது, நாளைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

லஃபயெட்_லதா
ஞாயிறு, காலை 8.15

வெங்காயம் பாதியை வெட்டித் தோசைக்கல் முழுக்க எண்ணெயோடு தேய்த்துச் சூடு பண்ணுங்கள், இரண்டு மூன்று நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

காலையில் வேலியோரம் பாட்டியிடம் உங்கள் கதையைச் சொன்னேன், தோசைக்கல் உட்பட. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சோறு வடித்தாரா?"

ஹூஸ்டன்வாசி
ஞாயிறு, காலை 8.31

வடிக்கவில்லை அக்கா. ரொட்டிதான். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, குக்கர் வைக்கப் போகிறேன்.